புண் அடியிலிருந்து ஆற வேண்டும்

2009 இல் என் வலது கெண்டைக்காலில் புகுந்த செல் துண்டு இரண்டு வருடங்கள் சும்மா கிடந்தது. மீள்குடியேறித் தகரக் கொட்டிலில் இருந்தபோது, 2011 இல், அந்த இடம் வீங்கிச் சீழ் கட்டியது. ஆஸ்பத்திரியில் வெட்டித் துண்டை எடுத்தார்கள். ஆனால் தைக்கவில்லை. திறந்தபடியே மருந்து கட்டி, ஏற்பு ஊசியும் போட்டு அனுப்பினார்கள். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். கால் போனால் யார் உழைப்பது என்ற பயம்தான் எனக்கு.

“ஏன் தைக்கவில்லை?” என்று கிளினிக்கில் தாதியிடம் கேட்டேன். “சீழ் பிடித்த புண்ணைத் தைத்தால் மேல்தோல் மூடி, உள்ளே திரும்பவும் சீழ் கட்டும் அக்கா. அது அடியிலிருந்து நிரம்பி வரவேணும்” என்றார். வீட்டில் கட்டும் முறையையும் காட்டித் தந்தார்.

அரை லீற்றர் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, ஒரு மட்டத் தேக்கரண்டி உப்புப் போட்டு, மூடி ஆறவிடுவேன். அது அன்றைக்கு மட்டும்தான். கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே கட்டை அவிழ்ப்பேன். ஒட்டியிருந்தால் இழுக்காமல் உப்புத் தண்ணீர் ஊற்றி நனைப்பேன். முதல் நாள் அவசரத்தில் இழுத்து, புதுச் சதை பிய்ந்து இரத்தம் வந்தது. பஞ்சு வைப்பதில்லை, அதன் நார் புண்ணில் ஒட்டிவிடும். நனைத்துப் பிழிந்த கோஸ் துணியைத் திணிக்காமல் மெதுவாக உள்ளே வைத்து, மேலே காய்ந்த துணியால் கட்டுவேன். சாம்பல், மஞ்சள், மண்ணெண்ணெய் எதுவும் பூசக்கூடாது என்று தாதி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

இரண்டு கிழமையாகியும் புண் வெளிறிப்போயே கிடந்தது. “என்ன சாப்பிடுறீங்கள்?” என்று தாதி கேட்டார். சோறும் ரசமும் என்றேன். மீனும் முட்டையும் கிரந்தி என்று அம்மா தருவதில்லை. “சதை வளரச் சத்து வேணும் அம்மா. முட்டை, மீன், பருப்பு, முருங்கையிலை எல்லாம் குடுங்கோ” என்று பக்கத்தில் நின்ற அம்மாவிடமே சொன்னார். அம்மா ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் காலை என் கோப்பையில் ஒரு அவித்த முட்டை இருந்தது. “உன்ர கால் போயிடுமோ எண்டு பயத்திலதான் பிள்ளை தடுத்தனான்” என்றார். எங்கள் இருவருக்கும் ஒரே பயம்தான்.

பிறகு புண்ணின் அடி மாதுளை முத்துப் போலச் சிவந்து வந்தது. ஒன்பது கிழமையில் மூடியது. இப்போது தழும்பு மட்டுமே.

சகோதரிகளே, புண்ணைச் சுற்றிச் சிவப்புப் பரவினால், சூடேறினால், நாறினால், வலி கூடினால், காய்ச்சல் வந்தால் வீட்டில் வைத்திருக்க வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நீரிழிவு உள்ளவர்கள் சிறு காயத்தையும் காட்டுங்கள். பிள்ளைகளுக்குக் கொடுத்து மிஞ்சினால் சாப்பிடலாம் என்று இருக்காதீர்கள். காயம் ஆறும்வரை உங்களுக்கும் ஒரு பங்கு வேண்டும்.