மணலில் ஓர் எலும்புக்கூடு

1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்தில், பாலைவனத்தில் தனியே நடக்கும் பொன்னிற இயந்திர மனிதனுக்குப் பின்னே பெருவிலங்கொன்றின் எலும்புக்கூடு நீண்டு கிடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அது யாது, எவ்வாறு மடிந்தது என்று படம் ஒரு வார்த்தையும் கூறுவதில்லை. கதை அதைக் கடந்து போய்விடுகிறது. எனினும் நமக்கு முன்னரே அவ்வுலகில் எவையோ வாழ்ந்து மறைந்தன என்று நம்பிவிடுகிறோம்.

லூக்கும் முதியவர் ஓபி-வானும் உரையாடுகையில் 'குளோன் போர்கள்' என்ற பெயர் வந்துபோவதும் அவ்வாறே. யாருக்கும் யாருக்கும் போர்? அதன் தொடக்கத்தை 2002-இல் வேறொரு படம் காட்டிற்று. அதுவரை 25 ஆண்டுகள் ரசிகர்கள் தத்தம் மனத்தில் கண்ட போரே பெரிது என்பேன். வினா எழுமுன்னே விடை தந்து பழகிய என்போன்ற போதகர்களுக்கு (பிரசங்க பீடத்தின் பழக்கம் அது!) இத்தகைய மௌனம் எளிதில் கைகூடுவதில்லை.