உறைந்த சூலகமும் ஏற்கும் உடலும்

சூலகத் திசுவைக் காப்பதில் குளிரே பெரும்பகை என்று எண்ணத் தோன்றும். ஆயினும் பேரிழப்பு நேர்வது, திசு உடலுக்குத் திரும்பிய பிறகே.

1994ஆம் ஆண்டு எடின்பரோவில் ரோஜர் காஸ்டன் குழுவினர் செம்மறியாடுகளின் சூலகங்களை அகற்றி, புறணியின் மெல்லிய துண்டுகளை மைனஸ் 196 டிகிரியில் உறைய வைத்து, அதே ஆடுகளுக்கே மீண்டும் பொருத்தினர். குட்டி பிறந்தது. புறணியில் உறங்கும் தொடக்கநிலை முட்டைகள் மிகச் சிறியவை. முதிர்ந்த முட்டையைப் போல நீர் மிகுந்தவை அல்ல. அதனால் பனிக்கட்டிப் படிகங்களின் சேதத்திலிருந்து பெரும்பாலும் தப்புகின்றன. ஆனால் ஒட்டிய துண்டுக்குள் புதிய குருதிநாளங்கள் வளரச் சில நாள்கள் ஆகும். அதுவரை உயிர்வளியின்றி மடியும் முட்டைகளே மிகுதி.

ஆட்டுக்குத் தன் உடலே வாய்த்தது. காட்டில் இறந்த விலங்கின் திசுவை எந்த உடல் ஏற்கும்? 1998இல் ஆப்பிரிக்க யானையின் உறைந்த திசுவை, எதிர்ப்பாற்றல் குன்றிய சுண்டெலிகளுக்குள் ஒட்டினர். யானையின் முட்டைப்பைகள் எலியின் குருதியில் வளர்ந்தன, வியப்புத்தான்! கன்று மட்டும் பிறக்கவில்லை.