எட்டு வயதில் என்ன அவசரம்?

குழந்தை என்றால் கொழுகொழுவென்று இருக்க வேண்டும் என்பது எங்கள் மடத்துக்குளத்துப் பாட்டிமார்களின் கட்சி. அமராவதித் தண்ணீரில் நெல்லும் கரும்பும் விளைகிற ஊர். தட்டில் குறை வைக்க மாட்டோம். போதாததற்கு, திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து திரும்பும் என் வீட்டுக்காரர் கையில் தினமும் பரோட்டாப் பொட்டலம்! எட்டு வயதில் என் மகன் 42 கிலோ.

போன வருடம் அவன் அக்குளில் பெரியவர்களைப் போல வியர்வை வாடை. அப்புறம் மறைவிடத்தில் நாலைந்து முடிகள். "பையன் வெரசா ஆளாகறான், இதுக்குப் போயி வெசனப்படறியே அம்மிணி!" என்று மாமியார் சிரித்தார். பிள்ளையோ, "எனக்கு ஏதாச்சும் வியாதியாம்மா?" என்று ரகசியமாகக் கேட்டான். எனக்கு மனசு கேட்கவில்லை. கோவைக்கு, குழந்தைகளுக்கான ஹார்மோன் டாக்டரிடம் அழைத்துப் போனோம்.

"சிறுநீரகத்தின் மேலே தொப்பி மாதிரி அட்ரீனல் சுரப்பி இருக்கிறதம்மா. ஆறு முதல் எட்டு வயதுக்குள் அது டி.ஹெச்.ஈ.ஏ.எஸ். என்ற ஹார்மோனை மெல்ல அதிகமாகச் சுரக்கும். பருமனான பிள்ளைகளுக்கு அது கூடுதலாக இருப்பதுண்டு. வாடையும் முடியும் அதனால்தான்" என்றார். ரத்தப் பரிசோதனையும், எலும்பின் வயதறிய இடது கை எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். சுரப்பியில் கட்டியோ பிறவிக் கோளாறோ இல்லை. விரைகளும் பெரிதாகவில்லை என்பதால், இது முழுப் பருவமடைதலும் இல்லையாம். மருந்து வேண்டாம், எடையைக் கவனியுங்கள் என்றார்.

பிள்ளையைப் பட்டினி போடவில்லை. வீட்டுச் சமையலே மாறியது. மாலையில் சுண்டல், குடிக்க மோர், தினம் ஒரு மணி நேரம் ஓடி விளையாட்டு. பரோட்டா மாதம் ஒரு முறைதான். பொட்டலத்தில் இப்போது கொய்யாப்பழம் வருகிறது! பத்து மாதத்தில் எடை ஏறவில்லை. உயரம் ஐந்து சென்டிமீட்டர் கூடியிருக்கிறது.

இது பட்டணத்துச் சமாச்சாரம் என்று ஒதுக்காதீர்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் அதிக எடையுள்ளவர்கள் 2015-16ல் நூற்றுக்கு 2.1, 2019-21ல் 3.4.

ஆண் பிள்ளைக்கு 9 வயதுக்கு முன்பும், பெண் பிள்ளைக்கு 8 வயதுக்கு முன்பும் இந்த அடையாளங்கள் தெரிந்தால் பெருமைப்படவும் வேண்டாம், வெட்கப்பட்டு மறைக்கவும் வேண்டாம்; டாக்டரிடம் காட்டுங்கள். உடம்பு பருத்துக்கொண்டே போய் உயரம் மட்டும் நின்றுவிட்டால், ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். பிள்ளை வளரட்டும்; அந்தந்த வயதுக்குரியது அந்தந்த வயதில் வரட்டும்!