மாமி வளவுக் குட்டையின் விருந்தாளிகள்

மன்னார்ப் பக்கம் போவதென்றால் தை மாதத்தில் போய்ப் பாருங்கள், சகோதரிகளே. ஆடி, ஆவணியில் புழுதி பறக்கும் பூமி அது. மாரி மழை பெய்து ஓய்ந்த பின்னரோ காணும் இடமெல்லாம் தண்ணீராக இருக்கும். மதவாச்சியிலிருந்து வரும் பஸ் முருங்கனை அண்மிக்கும் அந்தப் பக்கத்தில்தான் அருவியாற்று நீரால் நிரம்பும் கட்டுக்கரைக்குளம் இருக்கிறது. முருங்கனில் இறங்கி, சிலாவத்துறை வீதியில் தெற்கே போனால் முசலிப் பகுதியின் முஸ்லிம் கிராமங்கள் வரும். அவற்றில் ஒன்றில்தான் என் மாமியின் வீடு.

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மாமியும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புத்தளம் போனவர். 2009இல் யுத்தம் முடிந்த பிறகு திரும்பி வந்து பார்த்தால், வீடு இருந்த இடம் பற்றைக்காடாகக் கிடந்தது. வளவின் பின்பக்கத்துக் குட்டை மட்டும் இருந்தபடியே இருந்தது. அல்லி படர்ந்த அந்தத் தண்ணீரில், யாரும் வளர்க்காத தாராக்கள் நீந்திக்கொண்டிருந்தன. குட்டையை மண் போட்டு மூடிவிடும்படி பலரும் சொன்னார்கள். மாமி சம்மதிக்கவில்லை. "நாங்க இல்லாத காலத்துல இந்த வளவுல குடியிருந்தது இதுகள்தானே!" என்றாராம்.

இன்று அந்தக் குட்டையில் மூன்று வகையார் இருக்கிறார்கள். குசினி வாசலில் நின்றே அவர்களைப் பிரித்தறியலாம்.

முதல் வகை, வீட்டுக்குச் சொந்தமானவை. வெள்ளைத் தாராக்களுடன், முகத்தில் சிவந்த சதை முண்டுகள் உள்ள பெரிய தாராக்களும் இரண்டு உண்டு. இவை மஸ்கோவித் தாராக்கள். இவற்றின் பூர்வீகம் தென், மத்திய அமெரிக்கா. மற்றத் தாராக்களைப் போலக் கத்தாமல் பாம்பு சீறுவது போலச் சீறும். சாதாரணத் தாரா முட்டை 28 நாளில் பொரிக்கும். இவற்றின் முட்டைக்கோ 35 நாள் வேண்டும். இதை அறியாதவர்கள் கூழ் முட்டை என்று எறிந்துவிடுவதுண்டு.

இரண்டாம் வகை, நம் நாட்டிலேயே வாழும் காட்டுத் தாராக்கள். செம்பழுப்பு நிறம், நீண்ட கழுத்து, பறக்கும்போது விசிலடிப்பது போன்ற குரல் என்றால் அது சிறகி. பகலில் சோம்பிக் கிடந்து, இரவில் வயல்களில் இரை தேடும். மரக்கிளையிலும் அமரும். ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம்தான். அல்லி இலைகளுக்கிடையே வெள்ளை வெளேரென்று ஒரு சின்னஞ்சிறு தாரா தெரிந்தால் அது குள்ளத்தாரா. ஓர் அடி நீளமும் இராது. உலகிலுள்ள தாரா இனங்களுள் மிகச் சிறியவற்றில் அதுவும் ஒன்று. இதுவும் மரப்பொந்தில்தான் முட்டையிடும்.

மூன்றாம் வகை, தூரதேசத்து விருந்தாளிகள். ஒக்டோபர் அளவில் வடக்கிலிருந்து, சைபீரியா போன்ற குளிர்நாடுகளிலிருந்து வரும் நீலச்சிறகிகள் அவை. வந்த புதிதில் சேவலும் பேடும் ஒரே பழுப்பு நிறமாக இருப்பதால், எல்லாமே பேடுகள் என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவல்ல. சேவல் தன் அழகிய இறகுகளை உதிர்த்துவிட்டு வந்திருக்கிறது. மாசி பிறக்கும்போது பாருங்கள். கண்ணுக்கு மேலே வெள்ளைப் பட்டை வளைந்து பளிச்சென்று தெரியும்.

ஒரு மாரிக் காலையில், வளவின் பெருமரப் பொந்திலிருந்து சிறகிக் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் குதித்தன. மாமியின் பேரன் நாலு குஞ்சுகளைக் கூடையில் அள்ளிக்கொண்டான். வீட்டுத் தாராவோடு விட்டு வளர்க்க வேண்டும், பறக்காதபடி இறகை வெட்டிவிட வேண்டும் என்பது அவன் ஆசை. மேலே இரண்டு சிறகிகள் விசிலடித்தபடி வட்டமிட்டன. மாமி கூடையை வாங்கித் தண்ணீரோரம் வைத்தார். "உம்மா வாப்பா உசிரோட இருக்கிற பிள்ளைகள நாங்க ஏன் மகன் அநாதையாக்க வேணும்?" என்றார். பையன் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரத்தில் பெரிய சிறகிகள் இறங்கி வந்து, நான்கையும் அழைத்துக்கொண்டு புல்லுக்குள் போய்விட்டன.

இப்படி வாழ்வதற்கு மாமி சில ஒழுங்குகளை வைத்திருக்கிறார். வீட்டுத் தாராக்களுக்குக் கூட்டுக்குள்தான் தீனி. காட்டுத் தாராக்களுக்குச் சோறோ பாணோ போடுவதில்லை. மிஞ்சிய தீனி அழுகினால் வெயில் காலத்தில் தண்ணீர் நஞ்சாகி, பறவைகள் செத்துப்போகும். காட்டுப் பறவைகள் நோய்க் கிருமிகளைக் காவலாம் என்பதால், செத்த பறவையை வெறுங்கையால் தொடப் பிள்ளைகளை விடுவதில்லை. குட்டைக்குப் போய் வந்தால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். வயலுக்கு மருந்தடித்த போத்தல்களை அங்கே கழுவக் கூடாது. குட்டையோரம் போகும் சிறுபிள்ளையுடன் பெரியவர் ஒருவரும் போக வேண்டும்.

ஒரு வளவுக் குட்டையால் என்ன பெரிய பயன் என்று கேட்கலாம். மன்னாரில் வங்காலைப் பறவைகள் சரணாலயம் 4,839 ஹெக்டெயர் பரப்புடையது. 2008இல் சரணாலயமாகி, 2010இல் றம்சார் சாசனத்தின்கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. ஊசிபோல் நீண்ட வாலுள்ள ஊசிவால் தாராக்களையும் பூநாரைகளையும் அங்கே பார்க்கலாம். ஆனால் நீர்ப்பறவைகள் ஒரே இடத்தில் தங்கி வாழ்பவையல்ல. பகலில் ஒரு நீர்நிலை, இரவில் ஒரு வயல், ஒன்று வற்றினால் இன்னொன்று என்று மாறி மாறித்தான் அவை வாழ்கின்றன. இடையிலுள்ள சிறு குட்டைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டால், சரணாலயம் மட்டும் அவற்றுக்குப் போதாது.

குட்டையை மூடாததால் மாமிக்கும் நன்மையுண்டு. அதில் தேங்கும் மாரி நீர் நிலத்தில் ஊறுவதால்தான் பங்குனி வரை தன் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்கிறார் அவர். சித்திரை வெயிலில் குட்டை சுருங்கும்போது நீலச்சிறகிகள் வடக்கே புறப்பட்டுவிடும். அவற்றை யாரும் மறிப்பதில்லை. போனவர்கள் திரும்பி வருவதற்கு இடமொன்று இருந்தால் போதும். உங்கள் வளவிலும் பள்ளமான ஒரு மூலை இருந்தால், லொறியில் மண் எடுப்பிக்கும் முன், ஒரு மாரி முழுவதும் அதில் யார் வந்து இறங்குகிறார்கள் என்று பாருங்கள்.