புல்லைப் பேசிய ஆட்கள்

கொடைரோட்டில் திராட்சை போட்டிருப்பவரிடம் அருகம்புல்லைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வாங்க முடியாது. பிள்ளையாருக்குச் சாத்துவதோடு அதன் மரியாதை முடிந்தது. பந்தலுக்கு அடியில் ஒரு கணுவை விட்டுவைத்தால் போதும், அடுத்த மழைக்குள் வரப்பு முழுக்க ஓடிவிடும். கொத்தினால் துண்டுபட்ட ஒவ்வொரு கணுவும் தனியாக முளைக்கும். ஒருநாள் மைத்துனரோடு கொத்திக்கொண்டிருக்கும்போது சொன்னேன், வெயில் நாட்டு கோல்ஃப் மைதானங்களில் இந்த இனத்தைத்தான் காசு கொடுத்து வாங்கி நடுகிறார்கள் என்று. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஊரில் கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி, நம் அருகையும் அதன் ஆப்பிரிக்கச் சொந்தத்தையும் கலந்து எடுத்த ரகங்கள் 1950களிலிருந்து உலகம் சுற்றுகின்றன என்றும் சொன்னேன்.

“மச்சான், வெயில் ஏறுது. அந்த வரிசையை முடிங்க” என்றார்.

கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கிய பிறகு எனக்கு இல்லாமல் போனது புல்லைப் பற்றிய இந்தப் பேச்சுதான். குளிரைக்கூட மறந்துவிட்டேன், முழங்காலுக்குக் கொடைரோட்டு வெயில்தான் ஒத்துக்கொள்கிறது. ஆனால் புல்லின் நிறம் நேற்றைவிட ஒரு மாற்றுக் குறைந்திருக்கிறது என்று சொன்னால், குனிந்து பார்க்க ஒரு ஆள் வேண்டாமா?

கொடைக்கானலில் கோல்ஃப் கிளப் தொடங்கியது 1895இல். ரயில் அதற்கு இருபது வருஷம் முன்பே, 1875இல், இந்தக் கொடைரோடு ஸ்டேஷன் இருக்கிற அம்மையநாயக்கனூர் வழியாக மதுரைக்குப் போய்விட்டது. மலைக்கு மோட்டார் ரோடு வந்ததோ முதல் உலகப் போர்க் காலத்தில். இடைப்பட்ட காலத்தில் துரைமார்கள் இங்கே இறங்கி, மாட்டுவண்டியில் பெரியகுளத்துப் பக்கம் மலையடிவாரம் வரை போய், அங்கிருந்து குதிரையிலோ டோலியிலோ ஏறினார்கள். அவர்களுடைய கோல்ஃப் மட்டைகள் ஆள் தலையில் போயிருக்கும். அந்த மைதானத்தில்தான் பின்னாளில் நான் மாலியாக இருந்தேன்.

மாலி வேலை பொழுது விடியுமுன் தொடங்கும். முதல் வேலை பனி தட்டுவது. குழி இருக்கிற ‘கிரீன்’ திட்டில் நீளமான மூங்கிலைப் படுக்கவைத்தாற்போல் இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டே நடக்க வேண்டும். புல்நுனியில் நிற்கும் நீர் உதிர்ந்துவிடும். ஈரம் நெடுநேரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். மெஷினும் ஈரப் புல்லை வெட்டாமல் கடித்து இழுக்கும். அப்புறம் அறுப்பு. கிரீனில் புல்லின் உயரம் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். பிளேடு ஒரு பக்கம் நூலளவு இறங்கியிருந்தாலும் திட்டு முழுவதும் வரிவரியாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

எனக்குப் பிடித்த வேலை குழி மாற்றுவது. குழியின் வாய் நாலேகால் அங்குலம். 1891இல் ஸ்காட்லாந்துக்காரர்கள் விதியாக வைத்தது, உலகம் முழுக்க இன்றும் அதே அளவு. ஒரே குழியை விட்டுவைத்தால் அதைச் சுற்றி மிதிபட்டுப் புல் செத்துப்போகும் என்பதால் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். புது இடத்தில் வட்டக் கத்தியை இறக்கி, மண்ணும் வேருமாக ஒரு உருளையை எடுத்துப் பழைய குழியில் இறக்கி அடைக்க வேண்டும். அது துளி மேலே நின்றால் மெஷின் மொட்டையடித்துவிடும். தாழ்ந்தால் அந்த வழி வரும் பந்து திசை மாறும். நான் முதன்முதலாகக் கத்தியைப் பிடித்தபோது மேஸ்திரி பின்னால் நின்று, “ஏண்டா தம்பி, குழி எடுக்கிறியா, கிணறு வெட்டுறியா?” என்றார். அடைத்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பார். கைக்கு விளிம்பு தட்டுப்படாவிட்டால் எழுந்து போவார். பாராட்டு அவ்வளவுதான்.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்த காலைகளில் வேலை, சும்மா நிற்பது. உறைந்த புல்லுக்குள் நீர் கட்டியாக இருக்கும்; மிதித்தால் உள்ளேயே நொறுங்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் கழித்துப் பூட்ஸ் தடம் அப்படியே பழுப்பாக எழுந்து வரும். ஆட வந்தவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். நாங்கள் சூரியனைப் பார்த்துக்கொண்டு, கட்டஞ்சாயாவோடு, இரவு வந்துபோன காட்டுமாடுகளின் குளம்பு எந்தக் கிரீனில் இறங்கியிருக்கிறது என்று பேசிக்கொண்டிருப்போம். அவற்றைக் குறைசொல்ல முடியாது. சோலையும் புல்வெளியும் அவை மேய்ந்த இடம், நாம்தான் நடுவில் பதினெட்டுக் குழி வெட்டினோம்.

பணக்காரர் விளையாட்டுக்கு இத்தனை பேர் முதுகு வளையணுமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் வேலை பார்த்தவனுக்கு விளையாட்டு ஒரு பொருட்டே இல்லை. எங்களில் பலர் மட்டையைப் பிடித்ததில்லை. இந்த உலகத்தில் பெயர் நிலைத்த ஒருவர் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 1864 முதல் 1903 வரை மைதானம் காத்த டாம் மாரிஸ். போட்டி ஜெயித்த ஆட்டக்காரரும்தான் அவர். ஆனாலும் புல்லுக்கு மணல் தூவிப் பேணியதற்கும் சேர்த்துத்தான் எங்களைப் போன்றவர்கள் அவரை நினைக்கிறோம். அவர் காத்த அந்தப் பழைய மைதானத்துக்கு இன்றும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. மண்ணுக்கு வார விடுமுறை! மேஸ்திரிக்கு இதைச் சொன்னபோது, “அப்ப மாலிக்கு?” என்று கேட்டார்.

மே மாதம் பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடியுமுன் கொடைரோட்டில் நிற்கும்போது எப்போதாவது ஒரு கோல்ஃப் பை இறங்கும். ஒருமுறை, சென்னைக்குத் திரும்புகிற ஒருவரை சாயங்காலம் பிளாட்பாரத்தில் பார்த்து, மேலே கிரீன் எல்லாம் எப்படி இருக்கு சார் என்று கேட்டேன். சந்தோஷமாகத் தன் ஸ்கோரைச் சொன்னார். எந்தக் குழியில் எத்தனை அடி, எங்கே பந்து தொலைந்தது எல்லாம் சொன்னார். புல்லைப் பற்றி ஒன்றும் வரவில்லை. அது நல்ல சேதிதான். புல் கெட்டிருந்தால் முதலில் அதைத்தான் சொல்லியிருப்பார்.

கூட இருந்தவர்கள் சிதறிவிட்டார்கள். ஒருவன் துபாயில் ஒரு மைதானத்தில் இருக்கிறான். அங்கே பாஸ்பாலம் என்று உப்புத்தண்ணீரைத் தாங்குகிற ஒரு புல்லாம். வாட்ஸ்அப்பில் அவன் அனுப்பும் படங்களில் மனிதர்களே இருக்க மாட்டார்கள். புல் மட்டும், பக்கத்தில் அளவுக்கு ஒரு நாணயம். போன வாரம் வந்த படத்தில் காசளவு வெளுத்த புள்ளிகள். “அண்ணே, இது என்ன?” என்று கேட்டிருந்தான். பந்தலடியில் உட்கார்ந்து பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பூஞ்சணம்தான். சாயங்காலம் தண்ணி விடுறீங்களா, இலை ராத்திரி முழுக்க நனைஞ்சே கிடக்கும், விடியற்காலைக்கு மாத்து என்று பதில் போட்டேன்.

தண்ணீர் நேரத்தை ஆபீஸில் கம்ப்யூட்டரில் வைத்துவிடுகிறார்களாம், மாலி கையில் இல்லையாம். அப்படியானால் மூங்கில் ஒன்று தேடு என்றேன். துபாயில் மூங்கிலுக்கு எங்கே போவது என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறான்.