ஒக்கலும் கூலியும்

ஒக்கல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. இடுப்பு என்பது ஒன்று. சுற்றம் என்பது மற்றொன்று. இல்வாழ்வான் பேணவேண்டிய ஐவரை எண்ணுமிடத்து வள்ளுவர் சுற்றத்தை இச்சொல்லாலேயே குறித்தார். குழந்தை வளர்ப்பைக் குறிக்கும் 'ஹளானத்' என்ற அரபுச் சொல்லும் 'ஹிள்ன்' என்பதன் வழி வந்தது. அக்குளின் கீழே இடுப்புவரை உள்ள விலாப்புறம் அது. பறவை முட்டையை அணைத்து அடைகாப்பதற்கும் அரபிகள் இவ்வேரையே வழங்குவர். இரு மொழியாரும் குழந்தைக்குத் தந்த இடம் ஒன்றே என்று மாணவர்களிடம் சொல்லி மகிழ்வது நம் வழக்கம். ஆனால், ஒக்கலில் சுமப்பவரை ஒக்கலாகவே ஆக்கிவிட்டால் அவருடைய கூலி என்னாகும் என்னும் வினாவை நம்முன் வைத்தவர், மேலப்பாளையத்தில் நம் தெருவில் பீடி சுற்றிப் பிழைத்த ஒரு ராத்தா.

2004ஆம் ஆண்டு நம் கடைசி மகள் பிறந்தாள். நம் துணைவியார் பள்ளி ஆசிரியை. அந்நாளில் தமிழகத்தில் அரசு ஊழியர்க்குப் பேறுகால விடுப்பு 90 நாளே. 2011இல் அது ஆறு மாதமாயிற்று, 2016இல் ஒன்பது மாதம், 2021இல் ஓராண்டு. நம் மகளுக்கு வாய்த்தது அந்த மூன்று மாதம்தான். அங்கன்வாடி 1975 முதலே நாட்டில் உண்டெனினும் கைக்குழந்தையை நாள் முழுதும் ஏற்கும் இடமன்று. நம் உம்மா முன்பே மௌத்தாகியிருந்தார்கள். ஆகவே காலை எட்டரை மணிக்கு அந்த ராத்தா வீட்டில் விட்டு மாலை நாலரைக்கு எடுத்துவருவதென்று முடிவாயிற்று. அங்கு ஏற்கெனவே மூன்று பிள்ளைகள் இருந்தனர்.

நம் அச்சமெல்லாம் புகையிலைத் தூளைப் பற்றியது. நாம் வாய் திறக்குமுன்பே அவர் அதற்கு வழி செய்திருந்தார். சுளகும் தூளும் புறவாசல் தாழ்வாரத்திற்குப் போய்விட்டன. பிள்ளைகள் உறங்கும் பொழுதில் மட்டும், மூத்த மகளை உள்ளே காவல் வைத்துவிட்டு, அங்கே அமர்ந்து சுற்றுவார்; எழுந்ததும் கைகால் கழுவி, மேல்துணி மாற்றிக்கொண்டே தொட்டிலருகே வருவார். நாளொன்றுக்கு 800 பீடி சுற்றிய கை 400க்கு இறங்கியது. இதை அவர் சொல்லவில்லை. பீடிக் கடைப் பாஸ்புத்தகம் சொன்னது.

கூலி எவ்வளவென்று கேட்டோம். "பிள்ளையப் பாக்கதுக்குக் கூலியா ஆலிம்சா? ஒங்களுக்குத் தோணுனதக் குடுங்க" என்றார். கேட்பதற்கு இனிய சொல்தான். ஆயினும் கூலி இன்னதென்று தெரியாத உடன்படிக்கை செல்லாது என்பது மதரஸாவில் இளம் மாணவனும் அறிந்த சட்டம். தோன்றியதைக் கொடுங்கள் என்று ஏழை சொல்லும்போது, நமக்குத் தோன்றுவது பெரும்பாலும் குறைவாகவே தோன்றும்.

மீலாது மேடைகளில் ஹலீமா நாயகியாரின் சரிதையை உருகி உரைக்கின்றோம். பஞ்சம் மிகுந்த ஆண்டில் பனூ ஸஃது குலத்துப் பெண்கள் மக்காவுக்கு வந்ததே பாலூட்டும் கூலியை நாடித்தான் என்பதையும், தந்தையில்லாப் பிள்ளைக்குக் கூலி தருவார் யார் என்றுதான் முதலில் அவர்கள் தயங்கினர் என்பதையும் விரைந்து கடந்துவிடுகின்றோம். அன்புக்கும் கூலிக்கும் பகை என்று அந்தச் சரிதை சொல்லவில்லை. மணவிலக்குப் பெற்ற தாய் தன் சொந்தக் குழந்தைக்குப் பாலூட்டினாலும் அவளுக்குரிய கூலியைக் கொடுத்துவிடுமாறு திருக்குர்ஆனின் 65ஆம் அத்தியாயம் பணிக்கிறதே!

இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' நூலின் இஜாராப் பகுதியில் இதை இன்னும் நுணுகி ஆய்கிறார்கள். பாலூட்டல் ஒரு வேலை. வளர்ப்பு வேறொரு வேலை. ஒன்றிற்குக் கூலி பேசினால் மற்றது தானாக அதில் அடங்காது. வளர்ப்பென்றால் என்ன? பிள்ளையின் தலை, உடல், துணி ஆகியவற்றைக் கழுவுதல், எண்ணெய் தேய்த்தல், சுர்மா இடுதல், தொட்டிலில் கட்டி உறங்கும்வரை ஆட்டுதல் என்று வரிசைப்படுத்துகிறார்கள். 13ஆம் நூற்றாண்டுப் பேரறிஞர் ஒருவர் தொட்டில் ஆட்டுவதையும் வேலையென எண்ணி எழுதியிருப்பது கண்டு நாம் வியந்ததுண்டு. ராத்தா வீட்டு முற்றத்தில் நாம் கண்டதும் அதே வரிசைதான். (சுர்மா மட்டும் வேண்டாமென்றோம், மருத்துவர்கள் குழந்தையின் கண்ணுக்கு அதனை விலக்குகின்றனர்.)

அவர் சுற்றாது விட்ட 400 பீடியை நான்கு பிள்ளைகளுக்கும் பங்கிட்டால் ஒரு பிள்ளைக்கு நூறு பீடி. அது இழப்புக்கு ஈடேயன்றிக் கூலியாகாது. எனவே நாளொன்றுக்கு 300 பீடியின் கூலி, மாதந்தோறும் புதுப்பிக்கும் உடன்படிக்கை, பீடிக் கூலி உயரும்போதெல்லாம் இதுவும் உயரும் என்று பேசி முடித்தோம். வீட்டிலிருந்து பீடி சுற்றுவோரையும் 1966ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளரென ஏற்றது. அதே வீட்டில், அதே கைகள் தொட்டில் ஆட்டும்போது அவரைத் தொழிலாளரென எழுத எந்தப் பாஸ்புத்தகத்திலும் பக்கமில்லை.

மே மாதம் வந்தது. பள்ளி விடுமுறை. பிள்ளைகளை அனுப்பாத வீட்டார் பணமும் அனுப்பவில்லை. நம் துணைவியாருக்கு மட்டும் மே மாதச் சம்பளம் குறையாமல் வந்தது. அதனின்று ராத்தாவுக்குரியதை அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். "ஆலிம்சா வீட்டார் விலையைக் கெடுக்கிறார்கள்" என்று தெருவில் பேச்செழுந்தது. பேசியவர்களில் இருவர் அரசுச் சம்பளக்காரர்.

மகள் அங்கு நான்காண்டு வளர்ந்தாள். எண்ணக் கற்றதும் அங்கேதான். அதிலும் 25 வந்ததும் நிறுத்திவிட்டு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவாள். பீடிக் கட்டுக்கு 25 அல்லவா! ராத்தாவை அவள் 'உம்மா' என்றழைத்த நாளில் நம் துணைவியார் இரவு உணவு கொள்ளவில்லை. மறுநாள் அந்த ராத்தாவே பிள்ளையின் விரல் பிடித்து, "நான் பெரியம்மா, அவங்கதான் உம்மா" என்று பலமுறை சொல்லிப் பழக்கியதைப் பார்த்து வந்து சொன்னார்.

இப்போது ராத்தாவின் மருமகள் அவ்வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். வாசலிலேயே கூலியைச் சொல்லிவிடுகிறார். மே மாதமும் சேர்த்தே. சென்ற ஆண்டு இளந்தந்தை ஒருவர் நம்மிடம் வந்து, "என்ன ஆலிம்சா, பிள்ளை பாக்கதுக்கும் ரேட்டா?" என்று முறையிட்டார். அமரச் சொல்லி, மின்ஹாஜை எடுத்து, அந்த இடத்தைப் படித்துப் பொருள் சொன்னோம். தொட்டில் ஆட்டுவது வந்தபோது சிரித்துவிட்டார். பிள்ளை இன்றும் அங்கேதான் போகிறது.