ராசியில்லாத பெட்டிக்கு என்ன விலை?

1,500 ரூபாய்! அந்த ஆர்மோனியப் பெட்டிக்கு ஊர் கட்டிய விலை அது. தேக்கிலே உடல், பித்தளையிலே நாக்கு, முப்பது ஆண்டுகளாக எத்தனையோ தொண்டைகளைப் பழக்கிய நாதம். இத்தனைக்கும் சேர்த்து விலை 1,500! ஏன் இந்தச் சரிவு என்று கேட்டேன். பெட்டி உடைந்ததா? இல்லையாம். நாதம் கெட்டதா? அதுவும் இல்லையாம். பின் என்னதான் குறை? "அது ராசியில்லாத பெட்டி" என்றார்கள்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் என் நெஞ்சம் கொதித்தது என்று எழுதினால், படிக்கும் தோழர்கள் என்னைப் பாராட்டக்கூடும். ஆனால் உண்மை வேறு. எனக்கு மகிழ்ச்சி பிறந்தது! அந்த மகிழ்ச்சிக்காக நாணியவள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் புதுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஆசிரியை. எங்கள் பள்ளிப் பிள்ளைகள் பாடுவார்கள், நாடகம் நடிப்பார்கள், ஆனால் ஆளுக்கொரு சுருதியில் பாடுவார்கள். ஓர் ஆர்மோனியம் வேண்டும் என்று பெற்றோரிடம் கேட்டோம். களை பறித்த கூலியிலும், சித்தாள் வேலைக் கூலியிலும் மிச்சம் பிடித்துக் கொடுத்தார்கள். ஆசிரியர்களும் சேர்ந்து போட்டோம். தொகை 10,000 ஆயிற்று. நகரத்துக் கடையில் 42 கட்டைகளும் இரட்டை வரிசை நாக்குகளும் கொண்ட புதிய பெட்டியின் விலை 18,000. ஏக்கத்தோடு திரும்பினோம்.

அப்போதுதான் இந்தப் பெட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டேன். ஸ்பெஷல் நாடகங்களில் ஆர்மோனியப் பின்பாட்டுக்காரராக விளங்கிய பெரியவர் ஒருவருடையது. மேடையிலே அவர் வாசித்தது காலால் மிதிக்கும் பெட்டி. இதுவோ வீட்டில் ஒத்திகைக்கும், பாட்டுச் சொல்லிக் கொடுப்பதற்கும் வைத்திருந்த கைப்பெட்டி. மாசித் திருவிழாவில் விடிய விடிய வாசித்துவிட்டு வீடு திரும்பியவர், மறுநாள் மாலை இந்தப் பெட்டியின் முன் அமர்ந்தவாறே மாரடைப்பால் சாய்ந்தார். அன்றே பெட்டிக்குத் தீர்ப்பு எழுதிவிட்டது ஊர். ஆளை விழுங்கிய பெட்டி! தொட்டவரை வாழவிடாத பெட்டி! பழைய சாமான் வியாபாரி வந்தார். அந்தத் தீர்ப்பை அவர் நம்பினாரோ இல்லையோ, விலையைக் குறைக்க அது உதவும் என்று நன்றாக அறிந்திருந்தார். 1,500க்கு மேல் ஒரு காசு தரமாட்டேன் என்றார்.

உடன் பணியாற்றும் ஆசிரியர் என்னிடம் சொன்னார்: "உங்களுக்குத்தான் ராசியிலே நம்பிக்கை இல்லையே! ஊர் அஞ்சட்டும், நாம் 2,000 கொடுத்து வாங்கிவிடுவோம். பகுத்தறிவால் பள்ளிக்கு லாபம்!"

எவ்வளவு இனிமையான வாதம்! மூடநம்பிக்கைக்காரன் இழக்கிறான், பகுத்தறிவாளி பெறுகிறான். அறிவுக்குக் கிடைக்கும் பரிசு இதுவன்றோ என்று நானும் எண்ணினேன். அந்த எண்ணத்தோடுதான் அந்த வீட்டுப் படியேறினேன்.

ஆச்சி பாய் விரித்தார். பெட்டியை மூடியிருந்த பழைய வேட்டியை விலக்கினார். "பாருங்க டீச்சரம்மா. பிடிச்சிருந்தா எடுத்துக்கங்க. ராசியில்லாததை வச்சிருக்கவ ராசியில்லாதவதானே, நான் என்னத்தை விலை சொல்ல?" என்றார். குரலில் அழுகை இல்லை. பழகிப்போன குரல்.

நெற்றியில் யாரோ அறைந்தது போலிருந்தது எனக்கு. பெட்டிக்கு எழுதிய தீர்ப்பைத்தானே இந்த அம்மைக்கும் எழுதியிருக்கிறது ஊர்! திருமண வீட்டில் முன்னே நிற்காதே, பயணம் போகிறவர் எதிரே வராதே என்று விரட்டும் அதே வாய்தான், பெட்டிக்கு 1,500 என்றும் சொல்கிறது. இரண்டும் ஒரே தராசு, ஒரே பொய்க்கல். அந்த விலைக்கு நான் பெட்டியை வாங்கினால், அந்தத் தீர்ப்பின் அடியிலே என் கையொப்பமும் விழுகிறது என்று பொருள். ராசியை நான் நம்பவில்லை, மெய்தான். ஆனால் ராசி ஈட்டித் தரும் லாபத்தில் பங்கு கேட்கிறேனே! கோயில் உண்டியலை நம்பாதவன் அதைக் குலுக்கிச் சில்லறை எடுத்தால், அவனுக்குப் பெயர் பகுத்தறிவாளியா?

சரி, ராசியைத் தள்ளிவிட்டால் நியாயமான விலை என்ன? அங்கேதான் இன்னொரு தொல்லை காத்திருந்தது. ஆச்சியின் கொழுந்தனார் வந்தார். "பெரிய பெரிய ராஜபார்ட்டுகள் ஒத்திகை பார்த்த பெட்டி இது. 40,000க்குக் குறைந்தால் அண்ணனுக்கு அவமானம்" என்றார். அவர் பாசத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ராஜபார்ட் பாடியதால் உடைந்த நாக்கு ஒட்டிக்கொள்ளுமா? கிழிந்த துருத்தி தைத்துக்கொள்ளுமா? செத்தவரால் பெட்டி தீட்டாகாது என்றால், வாழ்ந்தவரால் அது தெய்வமாகவும் ஆகாது. 1,500 அச்சத்தின் விலை. 40,000 பெருமிதத்தின் விலை. பெட்டியின் விலையைப் பெட்டியைத்தானே கேட்க வேண்டும்?

கேட்டோம். நகரத்திலிருந்து ஆர்மோனியம் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரை அழைத்து வந்தேன். குமிழ்களையெல்லாம் மூடிவிட்டுத் துருத்தியிலே காற்றை நிரப்பினார். எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்தார். விரைவில் தளர்ந்தது. மடிப்பொன்றில் கசிவு. பின் ஒரு குமிழை மட்டும் இழுத்துவிட்டு, எந்தக் கட்டையையும் தொடாமல் காற்றடித்தார். பெட்டி தானே முனகிற்று. கட்டைக்கு அடியிலே காற்றை அடைக்கும் தோலைப் பூச்சி அரித்திருந்தது. அடுத்து 42 கட்டைகளையும் ஒவ்வொன்றாக அழுத்தினார். 84 நாக்குகளில் ஐந்து ஊமை, இரண்டில் விரிசல், பல சுருதி விலகியவை. நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். விரிசல் விட்டதையோ மாற்றத்தான் வேண்டும் என்று விளக்கினார். தேக்குக்குக் குறையில்லை, மற்ற நாக்குகளும் உறுதி. பழுது நீக்க 3,200 ஆகும் என்றார். இதே அளவில், நல்ல நிலையில் உள்ள பழைய பெட்டிகள் தம் கையில் 11,500 அளவில் விலைபோவதாகச் சொன்னார்.

கணக்கு எளிது. நல்ல நிலையில் உள்ளதன் விலையிலிருந்து, அந்த நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவைக் கழி. 11,500இல் 3,200 போனால் 8,300. இந்தக் கணக்கில் ராசிக்கு இடம் எங்கே? ராஜபார்ட்டுக்கு இடம் எங்கே?

ஆர்மோனியத்துக்கு இப்படிப்பட்ட வழக்குகள் புதியவையல்ல. 1842இல் பாரிஸ் நகரில் அலெக்சாந்தர் தெபேன் இதற்குக் காப்புரிமை பெற்றார். தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தி அசைத்து மறு கையால் வாசிக்கும் வடிவத்தை, அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ் உருவாக்கினார். தமிழ் நாடக மேடை அதைத் தழுவிக்கொண்டது. முதல் வெள்ளைக் கட்டையின் சுருதி ஒரு கட்டை, அடுத்த கறுப்புக் கட்டையின் சுருதி ஒன்றரைக் கட்டை என்று, பாடுவோர் சுருதிக்கு நாம் இன்றும் சொல்லும் அளவே இந்தப் பெட்டி தந்ததுதான். ஆனால் 1940இல் அகில இந்திய வானொலி இதை விலக்கியது. 1970களின் தொடக்கம் வரை விலக்கியே வைத்திருந்தது. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குக் குரல் போல வழுக்கிச் செல்ல இதனால் இயலாது, நம் இசையின் கமகம் இதில் வளையாது என்றார்கள். அந்தத் தடை சரியா என்று வாதிடலாம். ஆனால் அவர்கள் சொன்ன குறை பெட்டிக்குள்ளே இருக்கிறது. எவரும் தொட்டுப் பார்த்து, கேட்டுப் பார்த்து, மறுக்கலாம் அல்லது ஒப்பலாம். ராசியை எந்தக் கட்டையை அழுத்திக் கேட்பது?

கணக்குத் தாளோடு ஆச்சியிடம் சென்றேன். ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். அமைதியாகக் கேட்டவர், முடிவில் சொன்னார்: "ஒண்ணை விட்டுட்டீங்க டீச்சரம்மா. மழைக்காலத்துல இடக்கோடியில மூணு கட்டை உப்பிக்கும். அமுக்கினா எழும்பாது. அவுக இருந்தவரைக்கும் அதைச் சொல்லித் திட்டிக்கிட்டேதான் வாசிப்பாக."

நானோ அறியேன். பழுது பார்ப்பவரும் கோடையில் வந்ததால் கண்டுகொள்ளவில்லை. 1,500க்குத் தள்ளப்பட்ட பெட்டிக்கு 8,300 என்று கேட்ட பிறகும், அந்த அம்மை தம் பொருளின் குறையைத் தாமே எடுத்துச் சொன்னார்! முதியவரிடம் தொலைபேசியில் கேட்டேன்; இழைத்துச் சரிசெய்ய 300 என்றார். விலை 8,000 என்று முடிந்தது. கணக்கைத் திறந்து வைத்தால், எதிரே இருப்பவரும் தம் பங்குக்கு உண்மையைக் கொண்டுவந்து வைக்கிறார். மறைத்துப் பேரம் பேசியிருந்தால் இது கிடைத்திருக்குமா?

ஆனால் தோழர்களே, என் சோதனை அத்துடன் முடியவில்லை. விலை 8,000, பழுதுச் செலவு 3,500, ஆக 11,500. கையிலோ 10,000. "2,000க்கு முடிந்திருக்க வேண்டியதை 8,000 ஆக்கிவிட்டீர்கள். கூலிக்காரர்கள் கொடுத்த பணம். உங்கள் கொள்கைக்கு அவர்களா விலை கொடுப்பது?" என்று கேட்டார் உடன் பணியாற்றும் ஆசிரியர். அந்தக் கேள்வியை ஏளனமாக ஒதுக்க என்னால் முடியவில்லை. என் பணமென்றால் என் விருப்பம். பிறர் வியர்வையை வைத்து நான் வள்ளலாகலாமா?

பெற்றோர் கூட்டத்தைக் கூட்டினோம். 1,500இலிருந்து 8,000 வரை நடந்த அனைத்தையும் சொன்னேன். முடிவு உங்களுடையது என்றேன். சற்று நேரம் எவரும் பேசவில்லை. கடைசி வரிசையிலிருந்து, ஆடு மேய்த்துப் பிள்ளைகளை வளர்க்கும் தாய் ஒருவர் எழுந்தார்.

"என் ஆட்டுக்குச் சுழி சரியில்லைன்னு சொல்லி ஒரு யாவாரி பாதி விலைக்கு ஓட்டிக்கிட்டுப் போனான் டீச்சர். சுழியில என்ன இருக்கு? கறி குறைஞ்சு போச்சா? அன்னைக்கு என் வயிறு எரிஞ்சுச்சு. அந்த ஆச்சி வயித்தையும் எரிய வைக்க வேணாம். மிச்சத்தை அடுத்த மாசம் போடுவோம்."

கல்லூரியில் பட்டம் பெற்ற எனக்குப் படியேறிய பிறகே பிடிபட்ட பாடம், அந்தத் தாய்க்கு ஆட்டுக்கிடையிலேயே பிடிபட்டிருந்தது! ஏமாந்தவர் அறிந்த பொருளாதாரம் அது. ஆச்சியும் 1,500ஐ அடுத்த மாதம் பெற்றுக்கொள்ள இசைந்தார். சொன்னபடி கொடுத்து முடித்தோம்.

பழுதுபார்க்கையில் மேலும் ஒரு நாக்கு உடைந்தது, 200 கூடுதலாயிற்று. அதை நான் ஏற்றுக்கொண்டேன். "நேர்மைக்கு அபராதமோ?" என்று சிரித்தார் நண்பர். அன்று அறிந்தவற்றைக் கொண்டு அன்று ஒப்பிய விலை அது. பின்னால் வரும் இழப்பும் வாங்கியவருடையது, பின்னால் வரும் ஆதாயமும் வாங்கியவருடையது. இருவரும் அறியாமல் நேர்ந்த பிழை வேறு. ஒருவர் அறிந்து செய்யும் வஞ்சம் வேறு.

பள்ளியில் பெட்டி ஒலித்த முதல் நாளன்று ஆச்சியை அழைத்தோம். வாயிற்படியில் தயங்கினார். ஓரிருவர் முணுமுணுத்ததும் என் செவியில் விழுந்தது. பிள்ளைகள் அவர் கையைப் பற்றி இழுத்து வந்தார்கள். அவர்தாம் துருத்தியைத் திறந்தார். அவர்தாம் முதற் கட்டையை அழுத்தினார். நாற்பது பிள்ளைகளும் முதன்முறையாக ஒரே சுருதியில் சேர்ந்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை எவரையும் அந்தப் பெட்டி விழுங்கவில்லை!

தோழர்களே! பழைய பெட்டியோ, பழைய வீடோ, உழைத்துத் தேய்ந்த மாடோ, விலை பேச நீங்களும் ஒருநாள் அமர்வீர்கள். அப்போது இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். நான் குறைக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் உரிய குறையைப் பொருளிலே தொட்டுக் காட்ட முடியுமா? அந்தக் காரணத்தை விற்பவர் முகத்தைப் பார்த்து உரக்கச் சொல்ல முடியுமா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் விலை நியாயமானது. இல்லையென்றால், மேடையில் எவ்வளவு முழங்கினாலும், மடமை நடத்தும் கடையில் நாமும் ஒரு கூட்டாளியே!